அமைச்சருக்காகக் காத்திருந்த விளக்கு

அமைச்சர் இன்னும் வரவில்லை. வெயில் அவருக்காகக் காத்திருக்காமல் பனங்காட்டுக்குப் பின்னால் இறங்கிவிட்டது. நான் முதல் வரிசையில், சிவப்புத் துணி போர்த்திய நாற்காலியில், சட்டையில் குஞ்சம் வைத்த பேட்ஜோடு உட்கார்ந்திருக்கிறேன். பேட்ஜில் ‘இன்னாசி, மூத்த சமூக ஆர்வலர்’ என்று அடித்திருக்கிறார்கள். சமூக ஆர்வலராம். துறைமுகத் தொழிலாளர் சங்கம் என்று சேர்த்துப் போட்டிருந்தால் அட்டை கிழிந்துவிடுமா. என்னை லாக்கப்பில் தள்ளியபோதெல்லாம் போலீஸ்காரன் ஒழுங்காகத்தான் எழுதினான், சங்கத் தலைவன், கலகம் தூண்டியவன் என்று. அவனுக்கு இருந்த நேர்மை இந்தப் பேட்ஜ் அடித்தவனுக்கு இல்லை. ஆனாலும் வந்துவிட்டேன், சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, முகச்சவரம் செய்துகொண்டு. அரசாங்கம் எனக்குப் போட்ட முதல் நாற்காலி இது, இதுவரை போட்டதெல்லாம் வழக்கு, அதற்காக வந்தேனோ. இல்லை, விளக்குக்காக வந்தேன், அப்படித்தான் வைத்துக்கொள்ள வேண்டும். சங்குமுனைக் கலங்கரை விளக்கம் நான் பிறக்கும் முன்பே இங்கே நிற்கிறது, கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்டுக்கொண்டு. இப்போது அதன் தலையில் புது விளக்கு பொருத்தியிருக்கிறார்கள். பழையதைக் கழற்றிய நாளிலிருந்து ஒரு சின்ன விளக்கைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். படம் எடுத்தால் அசிங்கமாகத் தெரியும் என்று இன்று காலையில் அதையும் இறக்கிவிட்டார்கள். மேடையில் ஒரு மேசை, அதன்மேல் பட்டுத் துணி, துணிமேல் ஒரு சிவப்புப் பொத்தான். அமைச்சர் வந்து அதை அழுத்த வேண்டும், அழுத்தினால் மேலே எரியும், அதுவரை எரியாது. கோபுரம் மொட்டையாக நிற்கிறது. பக்கத்து நாற்காலியில் மாசானம் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கிக்கொண்டிருக்கிறான். உப்பளச் சங்கத்துக்காரன், என்னோடு இரண்டு முறை ஜெயிலுக்கு வந்தவன், ஒரு காது கேட்காது, அந்தக் காதை என் பக்கம் வைத்துக்கொள்வதே அவனுக்கு வழக்கம். “என்னவே, ஜெயில்ல இந்த பிஸ்கட்டு தந்திருந்தா நான் வெளியே வந்திருக்கவே மாட்டேன்” என்கிறான். சிரிக்கிறேன். மூத்திரம் முட்டுகிறது. எழுந்து போனால் நாற்காலியை வேறு யாராவது பிடித்துக்கொள்வார்கள் என்று உட்கார்ந்திருக்கிறேன், பார், நாற்காலி என்னை எப்படிப் பிடித்துவிட்டது என்று.

பந்தலின் இரண்டு பக்கமும் படங்கள், ‘உலகின் புகழ்பெற்ற கலங்கரை விளக்கங்கள்’ என்று கண்காட்சி. முதல் படம் அலெக்சாந்திரியா. அதைப் பார்த்தவுடன் எனக்கு உடம்பு சிலிர்த்தது, சொன்னால் நம்ப மாட்டார்கள், பழைய சிநேகிதனைப் பார்த்ததுபோல இருந்தது. பள்ளிக்கூடத்தில் நான் ஐந்தாவதோடு சரி. எனக்குப் படிப்பு என்பது தோணித் துறையில் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து வாசித்த பிரசுரங்கள்தான், நாலணாவுக்கும் எட்டணாவுக்கும் விற்றவை, முனை மடங்கியவை, கடைசிப் பக்கத்தில் சந்தா கேட்பவை. அதில் ஒன்றில்தான் அலெக்சாந்திரியா வந்தது. மூன்று அடுக்குக் கோபுரம், உச்சியில் நெருப்பு. கட்டிய சிற்பி தன் பெயரைக் கல்லில் வெட்டி, அதன்மேல் சுண்ணாம்பு பூசி, சுண்ணாம்பின்மேல் ராஜாவின் பெயரை எழுதினானாம். காலம் போகப்போகச் சுண்ணாம்பு உதிர்ந்து ராஜா போய்விட்டான், சிற்பி நின்றான். துறைமுக வாசல் கூட்டங்களில் இதை எத்தனை முறை சொல்லியிருப்பேன். ஒவ்வொரு முறையும் கைதட்டல். ஒரே ஒரு முறை கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான், “சரி தலைவரே, கல்லு சுமந்தவன் பேரு எந்தப் பூச்சுக்கு அடியில இருக்கு?” அன்று பதில் சொல்லாமல் அடுத்த விஷயத்துக்குத் தாவினேன். அந்தப் பெயர் இந்தப் படத்துக்குக் கீழேயும் இல்லை. அடுத்தது ஸ்பெயின் நாட்டுக் கோபுரம், ரோமாபுரிக்காரர்கள் கட்டியது, இன்னும் எரிகிறது. அதற்கடுத்து இங்கிலாந்துப் பாறை ஒன்றில் நின்ற விளக்கு. அதைக் கட்டியவன், உலகத்திலேயே பெரிய புயல் அடிக்கும்போது நான் அதற்குள் இருக்க வேண்டும் என்று வீம்பு பேசினானாம், அப்படியே புயல் வந்தது, அவனும் உள்ளே இருந்தான், விடிந்தபோது பாறை மட்டும் இருந்தது. வீம்பு பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்கும். அதற்கடுத்து ஸ்காட்லாந்துக்காரர்களுடையது, கடல் வற்றினால் மட்டும் தலைகாட்டும் பாறையின்மேல். ஒருநாள் வேலையாட்கள் பாறைமேல் நிற்கும்போது அவர்களுடைய படகு கயிறறுந்து போய்விட்டது, தண்ணீர் ஏறுகிறது, இருக்கிற படகுகளில் எல்லாருக்கும் இடமில்லை, மேலதிகாரி ஏதோ சொல்ல வாயைத் திறந்தான், வாய் உலர்ந்து பேச்சு வரவில்லை. தற்செயலாக வேறொரு படகு வந்து காப்பாற்றியது. பிறகு பிரான்சு, ஆற்றுமுகத்தில் அரண்மனை மாதிரி ஒரு விளக்கு, உள்ளே ராஜா தங்குவதற்கு என்று ஓர் அறை, ராஜா வரவே இல்லையாம், ஒரு நாளும். ராஜா வராவிட்டாலும் அங்கே விளக்கு எரிந்தது. ராஜா வந்தால்தான் கொளுத்துவோம் என்று அந்த மடையர்களுக்குக்கூடத் தோன்றவில்லை.

இருட்டிவிட்டது என்பது எப்போது தெரிந்தது என்றால், படங்களுக்கு அடியில் இருந்த எழுத்து மங்கியபோது. உடனே சீரியல் விளக்குகளைப் போட்டுவிட்டார்கள், பந்தல் முழுக்கப் பச்சையும் நீலமுமாக ஓடுகிறது, கரை நெடுகக் குழல்விளக்குகள், ஐஸ் வண்டி, பலூன், ஒலிபெருக்கியில் பாட்டு. கோபுரத்தில் மட்டும் இருட்டு. அப்போதுதான் கயிறு கட்டிய தடுப்புக்கு அந்தப் பக்கம் எமில்டாவைப் பார்த்தேன். என் தம்பி தொபியாசின் பெண்சாதி. சேலைத் தலைப்பை வாயில் கடித்துக்கொண்டு நின்றாள். பார்க்காதவன்போல முகத்தைத் திருப்பினேன், அவளும் எப்போதும் அப்படித்தான் திருப்புவாள், தெருவில், கோயிலில், சாவு வீட்டில், எங்களுக்குள் பழகிப்போன ஒரு மரியாதை அது. இன்றைக்கு அவள் திருப்பவில்லை. கயிற்றைத் தூக்கி, குனிந்து, உள்ளே வந்து, நேரே என் முன்னால் நின்றாள். “அத்தான், அவிய இன்னும் வரல.” அத்தான் என்று அவள் வாயிலிருந்து கேட்டு எத்தனை காலம். “மத்த வள்ளமெல்லாம் வந்துட்டு. இவிய வள்ளத்துல எஞ்சின் மக்கராம். துடுப்பு போட்டுத்தான் வாராவளாம். பக்கத்து வள்ளத்துச் சேசு கயிறு போட்டு இழுத்துட்டு வாரேன்னானாம், வேண்டாம்னுட்டாவளாம்.” வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பான், எங்கள் வீட்டு ரத்தம். “போன்?” என்றேன். “வீட்ல கெடக்கு. அது அவியளுக்கு எப்பவும் வீட்லதான் கெடக்கும்.” பிறகு கோபுரத்தை நிமிர்ந்து பார்த்தாள். “இத ஏன் இன்னும் போடல? வெளக்கு இல்லாம வாய் எங்கன்னு எப்பிடித் தெரியும்?” வாய் என்று அவள் சொன்னது, முனைக்குத் தெற்கே கடலுக்குள் ஓடும் பாறை வரிசையில் ஒரே ஒரு இடைவெளி, ஒரு வள்ளம் நுழையும் அளவு. பகலில் அலை உடைவதைப் பார்த்து வருவார்கள், இருட்டில் விளக்கைப் பார்த்து வருவார்கள். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. கடல் என் வாந்தியைத்தான் பார்த்திருக்கிறது, பதினைந்து வயதில் நான் மூட்டை தூக்கப் போய்விட்டேன். தம்பியும் கொஞ்ச காலம் மூட்டை தூக்கினான். பெரிய வேலைநிறுத்தம் நடந்தது, நாங்கள் பட்டினி கிடந்து வாசலில் உட்கார்ந்திருந்தோம், ஒருநாள் காலை போலீஸ் காவலோடு உள்ளே போன ஆட்களில் அவன் இருந்தான். அன்று மாலையே துண்டறிக்கை எழுதினேன், கருங்காலிகள் பட்டியல் என்று, முதல் பெயராக அவன் பெயரைப் போட்டேன். அச்சாபீஸ்காரர் கேட்டார், “தம்பி பேரைக் கடைசியிலயாவது போடக் கூடாதா இன்னாசி” என்று. முதலில் போடாவிட்டால் இன்னாசி தன் வீட்டை மறைத்தான் என்பார்கள். போட்டது சரி. இன்றைக்கும் சரி. அவன் துறைமுகத்தை விட்டான், கடலுக்குப் போனான், என்னோடு பேச்சை விட்டான். அதுவும் சரிதான், அவன் பக்கத்திலிருந்து பார்த்தால்.

உதவிப் பொறியாளர் சபேசனைக் கைகாட்டிக் கூப்பிட்டேன். நல்ல பையன், வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, காதில் போன். “ஐயா, அஞ்சே நிமிஷம். பைலட் வண்டி பைபாஸ் தாண்டிட்டு.” “அஞ்சு நிமிஷம் கிடக்கட்டும். விளக்கைப் போடுங்க. அவர் வந்ததும் ரிப்பன் வெட்டட்டும்.” “போட முடியாதுங்கய்யா, அவங்க கையாலதான் முதல்ல எரியணும், கல்வெட்டுலயே அப்படித்தான் வெட்டியிருக்கு.” “கடல்ல ஆள் இருக்கு.” “கடலோரக் காவலுக்குச் சொல்லிடறேன் ஐயா, கண்டிப்பா” என்றவன் யாருக்கோ சொல்வதுபோலப் போனில் முணுமுணுத்துக்கொண்டே போனான், யாருக்கும் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அதிகாரிகள் நடக்கும்போதே பேசினால் அது யாருக்கும் போகாத பேச்சு. எமில்டா என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் எழுந்திருக்க வேண்டும். எழுந்து சத்தம் போட வேண்டும், என் வேலையே அதுதானே, சத்தம் போடுவது. ஏன் எழவில்லை. வேறு எவனாவது கடலில் இருந்திருந்தால், பெயர் தெரியாத ஒருவன், இந்நேரம் மேடையில் ஏறியிருப்பேன், இந்த நாற்காலியைத் தூக்கிப் போட்டிருப்பேன், நாளைக்குத் துண்டறிக்கை போட்டிருப்பேன். இருப்பது தொபியாஸ். இன்னாசி விழாவில் கலாட்டா பண்ணினான், எதற்கு, தம்பிக்காக, கருங்காலித் தம்பிக்காக. சொல்வார்கள். இதோ இந்த மாசானமே சொல்வான். வாழ்க்கை முழுவதும் ஒரே ஒரு விஷயத்தில் ஜாக்கிரதையாக இருந்தேன், என் ஆளுக்கென்று ஏதோ செய்தேன் என்று யாரும் விரல் நீட்டக் கூடாது. அதற்காக மகனுக்கு வேலை கேட்கவில்லை, பெண்சாதிக்கு ஆஸ்பத்திரியில் கட்டில் கேட்கவில்லை, அவள் தரையில் படுத்தே செத்தாள். இன்றைக்கு அந்த ஜாக்கிரதை என்ன கேட்கிறது என்றால், பாறையில் மோதிச் சாகிறவன் உன் தம்பி, அதனால் நீ வாயைத் திறக்காதே என்று கேட்கிறது. இது என்ன கொள்கை. அடுத்தவனுக்குக் கிடைக்கும் நியாயம் என் தம்பிக்குக் கிடைக்காது என்றால், அவன் செய்த பாவம் கருங்காலியானது அல்ல, எனக்குத் தம்பியாகப் பிறந்தது. இதைத் துண்டறிக்கையில் எப்படி எழுதுவது. தலைப்பு என்ன போடுவது. ஐயோ, நான் தலைப்பு யோசிக்கிறேன், அங்கே அவன் துடுப்பு போட்டுக்கொண்டு வருகிறான், கை ஓய்ந்திருக்கும், அவனுக்கும் வயதாகிவிட்டது, என்னைவிட நாலு வயதுதான் சின்னவன், கரை முழுக்க ஓடும் இந்தப் பச்சை நீல விளக்குகளில் எதை நம்பி வருவான். ஒலிபெருக்கியில் ஒரு பெண், “இன்னும் சற்று நேரத்தில் மாண்புமிகு” என்கிறாள். அதே வாக்கியத்தை மறுபடியும் சொல்கிறாள்.

எழுந்தேன். முழங்கால் ‘களுக்’ என்றது. “ஒண்ணுக்கா?” என்றான் மாசானம், “சீக்கிரம் வாரும், ஒம்ம பிஸ்கட்ட நான் பாத்துக்கிடுதேன்.” மேடைக்கு நாலைந்து படிதான், ஆனால் ஏறுவதற்குள் அந்த ஒலிபெருக்கிப் பெண் என்னைப் பார்த்துவிட்டாள், பேட்ஜைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது, பேச்சுக்கு ஆள் கிடைத்த மலர்ச்சி. “நம் ஊரின் மூத்த சமூக ஆர்வலர் ஐயா அவர்கள் இப்போது…” என்று சொல்லி மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள். கூட்டம் திரும்பிப் பார்த்தது. கடைசியாக எனக்கு இவ்வளவு கூட்டம் கிடைத்தது எப்போது. மைக் கையில் கனத்தது, அதன் கம்பி வலையின் வாசனை, எத்தனை பேரின் எச்சிலோ, அந்த வாசனைக்கு என் தொண்டை தானாகவே தயாராகிறது, தோழர்களே என்று நெஞ்சுக்குள் எழும்புகிறது, அலெக்சாந்திரியாவில் என்று தொடங்கலாம், நன்றாகத்தான் இருக்கும், பத்து நிமிஷம் பேசினால் பந்தலே எழுந்து நிற்கும். பத்து நிமிஷத்தில் ஒரு வள்ளம் எவ்வளவு தூரம் வரும். மைக்கைப் பட்டுத் துணிமேல் வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினேன். ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு மூச்சு நேரம். பிறகு தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு கை நீண்டு, பந்தலைத் தாண்டி, பனங்காட்டைத் தடவி, கடல்மேல் போனது. ஜனங்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் இது இருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். வாத்தியக்காரர்கள் தாமாகவே தொடங்கிவிட்டார்கள். சபேசன் மேடைக்கு ஓடி வந்தான், கோபம்கூட வரவில்லை அவனுக்கு, அழுகை வந்தது. “ஐயா, என் வேலை போயிடுங்கய்யா.” “போகாது தம்பி. கிழவன் மூளை குழம்பி அழுத்திட்டான்னு எழுதிக் கொடு, நான் கையெழுத்துப் போடறேன்.” அதற்குமேல் அவனோடு பேச எனக்கு நேரமில்லை, எமில்டா முன்னே ஓடிக்கொண்டிருந்தாள்.

மணலில் ஓட எனக்கு வராது, நடந்தேன், செருப்பை விட்டுவிட்டு நடந்தேன். தெற்குக் கரையில் நாலைந்து பேர் நின்றார்கள், சேசுவும் நின்றான். வெளிச்சத்தின் கை சுற்றிச்சுற்றி வந்தது, ஒருமுறை வந்தபோது எமில்டா “அந்தா” என்றாள், எனக்குத் தெரியவில்லை, அடுத்த சுற்றில் தெரிந்தது, கறுப்பாக ஒரு கீறல், அதில் குனிந்து நிமிரும் ஒரு உருவம், பாறை வரிசைக்கு அந்தப் பக்கம், நுரைக்கு மிக அருகில். வந்துவிடுவான். வந்துவிடுவான் என்று நினைக்கும்போது பின்னால் சைரன் கேட்டது, வண்டிகள், வாழ்க கோஷம். வாத்தியம் நின்றது. பிறகு கோபுரம் அணைந்தது. அதோடு சீரியல் விளக்கும், குழல்விளக்கும், எல்லாமே. புது விளக்கு எடுப்பாகத் தெரிய வேண்டுமல்லவா, அமைச்சர் அழுத்துவதற்காக அணைத்துவிட்டார்கள். இப்படி ஒரு இருட்டை இந்தக் கரையில் நான் கண்டதில்லை. பாறையில் அலை உடைவது மட்டும், எங்கும், எல்லாப் பக்கமும். எமில்டா மாதாவே என்றாள். எனக்குள் யோசனை என்று எதுவும் இல்லை, அதிசயம், வாழ்நாளில் முதல்முறையாக எதுவும் இல்லை, நான் இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறேன், கத்துகிறேன். “இங்கே! இங்கே வா! வலத்தே பிடி! வலத்தே!” வாசல் கூட்டங்களில் மைக் இல்லாமல் கப்பல் தளம் வரை கேட்க வைத்த குரல், அது எங்கேயோ பழைய இடத்திலிருந்து வந்தது. “வலத்தே! வலத்தே! வாடா!” சேசுவும் கத்தினான், எமில்டா கத்தினாள், நான் நிறுத்தினால் அவர்கள் நிறுத்தினார்கள், நான் தொடங்கினால் தொடங்கினார்கள், அதனால் நான் நிறுத்தவில்லை. அலை வாயில் உப்பை அடித்தது, துப்பிவிட்டுக் கத்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மேடையில் யாரோ நீளமாக வரவேற்றுக்கொண்டிருந்தார்கள்.

விளக்கு மறுபடி எரிந்தபோது வள்ளம் பாறைக்கு இந்தப் பக்கம் இருந்தது. வெடி போட்டார்கள், வானத்தில் பூவாக விரிந்தது, அந்த வெளிச்சத்தில் அவன் துடுப்பை உள்ளே எடுத்துப் போடுவது தெரிந்தது. சேசுவும் மற்றவர்களும் வள்ளத்தின் விளிம்பைப் பிடித்தார்கள், நானும் பிடித்தேன். தொபியாஸ் இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை, தலைத்துண்டை அவிழ்த்துப் பிழிந்தான், மூச்சு வாங்கியது, உள்ளங்கையை வாயால் ஊதிக்கொண்டான். “யாருலே அது, கழுதை மாதிரி காட்டுக்கத்து கத்துனது?” என்று சேசுவைக் கேட்டான்.  எமில்டாதான் சொன்னாள், “ஒங்க அண்ணன்.” அவன் துண்டை உதறித் தோளில் போட்டான். வெளிச்சம் எங்கள்மேல் ஒருமுறை வந்து போனது. எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை, மைக்கில்லாத இடத்தில் எனக்கு எப்போதும் இப்படித்தான். கடைசியில் அவன்தான் என் பக்கம் திரும்பினான். “வலத்தே வலத்தேன்னு கத்துன. வாய் எடத்தே இருக்கு. நீ சொன்னபடி வந்திருந்தா இந்நேரம் பாறைல தொங்கிட்டுக் கெடப்பேன்.” நான் சட்டை நுனியைப் பிழிந்தேன். “சத்தம் எங்கேருந்து வருதுன்னு பாத்துத்தான் வந்தேன்” என்றான், “சொல்லுறதக் கேக்கல.” பிறகு வள்ளத்தின் பின்பக்கம் போய் நின்று, “தள்ளு” என்றான். தள்ளினேன்.